முதுகு வழியாகத் திரும்பிய உயிர்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை முன் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் காத்திருக்கும்போது கிளம்பிய பேச்சு இது: செத்துப்போன சுப்புராயனைத் திருப்பிப் போட்டு, முதுகு வழியாக உயிரை ஏற்றிவிட்டார்களாம். “முன்வாசல்ல மறியல். அதான் பின்வாசல் வழியா வந்துட்ச்சு” என்று ஒருவர் விளக்கமும் சேர்த்திருந்தார்.

விசாரிக்கப் போனபோது, செத்தவர் டிராக்டருக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்.

கரும்பு ஓட்டுவது சுப்புராயனுக்குத் தொழில், மசியாதது சுபாவம். தண்ணீருக்கு மறியலா, பஸ்ஸுக்கு மறியலா, முன்வரிசையில் அவர் இருப்பார். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடித்த 2023இல் சும்மா இருப்பாரா? முதுகில் வலி என்றார். கரும்புக் கட்டு தூக்கியதில் பிடிப்பு என்று அவரே முடிவுசெய்தார். மனைவி ராஜாம்பாள் உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்து அழுத்தமாகப் பத்துப் போட்டார். அந்தப் பத்தோடு மறியலுக்குப் போனவர் கோஷத்தின் பாதியிலேயே சாய்ந்தார். வலி இதயத்திலிருந்து வந்தது. மறித்தவர்களே சாலையைத் திறந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

“இதயம் துடிக்கல, நடுங்கிக்கிட்டே இருந்தது” என்றார் அன்று பணியில் இருந்த டாக்டர் சுபஸ்ரீ. “நெஞ்சுல மூணு ஷாக் கொடுத்தும் அடங்கல. ரெண்டு மெஷின் வெச்சு அடுத்தடுத்து கொடுக்கறது ஒரு வழி. எங்ககிட்ட ஒண்ணுதான். இன்னொரு வழி, ஷாக் கொடுக்க ஒட்டற பேட் ரெண்டையும் இடம் மாத்தறது. ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு முதுகுல. கரண்ட் வேற பாதையில போகும்.”

ஒருக்களித்துத் திருப்பினால், முதுகு முழுக்கச் சிமெண்ட் பூசியதுபோலப் பத்து. பேட் எங்கே ஒட்டும்? நெஞ்சை அழுத்துவதை அதிக நேரம் நிறுத்தவும் முடியாது.

“யார் போட்டது இது?”

“நான்தாங்க” என்றார் வாசலில் நின்ற ராஜாம்பாள்.

“எடுங்க.”

போட்டவர் கையே ஒரே இழுப்பில் உரித்தது. ஈரத்தைத் துடைக்கத் துணி தேடியபோது, பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த பூமாலை என்பவர் தன் தோளிலிருந்த துண்டை உருவிக் கொடுத்தார். அதே ஒதுக்கீட்டை எதிர்த்து ஊர்வலம் போய்வந்தவர் அவர். துண்டும் அந்த ஊர்வலக் கொடியின் நிறம்.

பேட் ஒட்டியது. ஷாக்.

“மெஷின்ல கிறுக்கிக்கினே இருந்த கோடு அப்பிடியே படுத்துட்ச்சு” என்றார் ராஜாம்பாள். “போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சின்னதா ஒரு மேடு. பின்னாலயே இன்னொண்ணு. இப்ப சாமி கும்புட கண்ண மூடுனாலும் எனக்கு அந்தக் கோடுதான் தெரியுது.”

சுப்புராயன் தன் பங்குக்கு விளக்கினார்: “சேத்துல மாட்டுன லோடு, மூணு தபா இழுத்தும் வரலன்னா கயித்த அவுத்து வேற பக்கமா கட்டுவோம். அந்த டாக்டரம்மா அத்தத்தான் செஞ்சிருக்காங்க.”

வாசலில் துணி உலர்த்தும் கொடியில் அந்தத் துண்டு வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

“இன்னும் திருப்பித் தரலையா?” என்று சுப்புராயனிடம் கேட்டேன்.

“தரணும். அத்த தோள்ல போட்டுக்கினு பஸ் ஏறுனா எங்காளுங்க இன்னா நெனப்பாங்க?”

“பையில வெச்சுக்கினு போறது” என்றார் ராஜாம்பாள்.

“உசுரு குடுத்த துண்டுடி. ஒளிச்சா எடுத்துக்கினு போறது?”

மழை தூறியதும் ராஜாம்பாள் எழுந்துபோய், முதலில் அந்தத் துண்டைத்தான் எடுத்துவந்தார்.