ஓரக் குறிப்புகள்

கட்டட வரைபட அலுவலகத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் வந்த பட்டம். முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாளி தேனொழுகப் பேசிய மறு வாரமே கதவில் பூட்டுத் தொங்கியது. அதிலிருந்து யாராவது இனிக்கப் பேசினால் அவள் உஷாராகிவிடுவாள்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை அலுவலகத்தை நடத்திவந்த சார் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இதுவரைக்கும் மண்ணு, தண்ணி, மரம் எல்லாத்தையும் எடுத்தே கட்டினோம். இனிமே எடுத்ததுக்கு மேல திருப்பிக் கொடுக்கிற ஆபீஸா இது நடக்கணும். ஆபீஸோட உரிமையும் உங்க எல்லாருக்கும் பங்கா வரும்."

குளக்கரையில் வரவிருந்த பெரிய வணிக வளாக வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். எல்லோரும் கைதட்டினார்கள். துருவி தட்டவில்லை.

"கடையைக் கட்டப் போறாரு. அதுக்குத்தான் இந்தப் பூச்சுப் பேச்சு," என்றாள் வீட்டில்.

"உனக்கு உன் நிழல்மேலயே சந்தேகம்," என்றான் பஸ் மெக்கானிக்கான அவள் கணவன்.

ஆனால் அடுத்து நடந்தது சந்தேகத்துக்குத் தீனி போட்டது. வியாழன்தோறும் மதியம் சார் காணாமல் போனார். பழைய வரைபட அலமாரியில் சுருள்கள் குறைந்தன. பதிவேட்டைப் புரட்டினாள். சார் எடுத்துப்போன ஆறு சுருளும் அவள் வரைந்தவை. வேறு யாருடையதிலும் கை வைக்கவில்லை.

பழைய கட்டடங்களில் வந்த குறைக்கான பழியைத் தன் தலையில் கட்டி வெளியே அனுப்பப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினாள். சார் ஒப்புதல் கையெழுத்துப் போட்ட தாள்களையெல்லாம் நகலெடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த வியாழன் அரைநாள் விடுப்புச் சொல்லி, அவர் ஏறிய பஸ்ஸிலேயே பின்வாசல் வழியாக ஏறினாள்.

பதினோரு வருடத்துக்கு முன் அவர்கள் கட்டிய நூலகத்தில் இறங்கினார். துருவி புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். மேற்கு ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த அவரிடம் நூலகர் பொரிந்து தள்ளினார்.

"ரெண்டு மணிக்கு மேல இங்க ஈ காக்கா உட்காராது. வெளிய பூரா சிமெண்ட் தரை. மழை பெஞ்சா தண்ணி பக்கத்து வீடுகளுக்குள்ள ஓடுது, எங்க கிணறு மட்டும் வறண்டு கிடக்கு."

சார் தலையாட்டி எழுதிக்கொண்டார். அதற்கு மேல் துருவிக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாம் என் தப்புன்னு எழுதிக்கிறீங்களா சார்?"

சார் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு கையிலிருந்த வரைபடத்தை மேசையில் விரித்தார். ஓரத்தில் பென்சிலில் அவள் எழுத்து: 'மேற்கு வெயில் அடிக்காதா?' முற்றத்தின் பக்கம்: 'மழைத்தண்ணி எங்கே போகும்?'

"உங்க படத்துலதான் கேள்வி இருக்கு. நான் காதுல போட்டுக்காத இடமெல்லாம் இன்னைக்குப் பல்லிளிக்குது. அதான் இதை மட்டும் எடுத்தேன்."

"அன்னைக்கு ஏன் கேக்கல?"

"அவசரம்."

"இப்ப ஏன் ஒளிஞ்சு வந்தீங்க?"

"வெட்கம்தான்."

அவள் பையிலிருந்த நகல்களை இன்னும் உள்ளே தள்ளினாள். ஆனாலும், "பார்ப்போம்," என்று மட்டும் சொன்னாள்.

முற்றத்தின் பாதித் தரையை உடைத்து, மழைநீர் இறங்கப் பள்ளம் வெட்டி, மரக்கன்று நட்டார்கள். உடைந்த பாளங்கள் உட்காரும் மேடைகளாயின. இடித்த பங்களா ஒன்றின் மரச்சட்டக் கதவுகள் மேற்கு ஜன்னலுக்கு வெயில் மறைப்பாயின. வரைபடம் துருவியுடையது. இந்தமுறை அவள் ஓரத்தில் எழுதிய ஏழு கேள்விக்கும் சார் எழுத்திலேயே பதில் சொன்னார்.

இரண்டாவது மழைக்காலத்தில் கிணற்றில் தண்ணீர் ஊறியதாக நூலகர் போன் செய்தார். துருவி நம்பவில்லை. நேரில் போய்க் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினாள். நனைந்து வந்த நீளத்தை அளந்தாள். ஆளுயரம் இருந்தது. ஈரக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

பங்குப் பத்திரம் அதற்கப்புறம்தான் வந்தது. மற்றவர்கள் அன்றைக்கே கையெழுத்திட்டார்கள். துருவி வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று நாள் படித்தாள். யாரையும் காரணம் சொல்லாமல் நீக்கக் கூடாது என்றொரு வரி இல்லையே என்று கேட்டாள். சார் சேர்த்துக் கொடுத்தார். சேர்த்ததை இன்னொரு தரம் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.