சிவப்புக் கோடு

நான் ஊர் ஊராய்ச் சுற்றிய கதையை இணைய வரைபடம் ஒன்றில் போட்டு வருகிறேன். அதில் புதிதாக ஒரு வசதி வந்திருக்கிறது. போன வழியைக் கோடு தானே நகர்ந்து காட்டும். நிறம் கேட்டது. சிவப்பைத் தொட்டதும் தூத்துக்குடிக் கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது.

அப்பா சரக்குத் தோணியில் சமையல்காரர். கொழும்புக்குப் போனால் திரும்பும் நாள் தெரியாது. அம்மா தன் சிவப்புச் சேலையைக் கிழித்து அந்தத் தோணியின் பாயில் ஒட்டுப் போட்டிருந்தாள். கரையில் நின்று அதைத்தான் தேடுவாள். தெரிந்ததும் கத்துவாள்: "ஏலே, அப்பா வாராரு! ஓடிப்போயி அடுப்பைப் பத்தவை. ஊருக்குச் சமைச்சிட்டு இவரு பட்டினியால்லா வருவாரு!"

கோடு தூத்துக்குடியில் போய் முடியும்படி வரைந்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"கோடு இங்கன வந்து நிக்கி. ஆளை எங்கலே?"

"பஸ் ஏறிட்டேன். அடுப்பைப் பத்தவைம்மா."