மேற்குப் பார்த்த அறை

இது நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ஜனவரி பதினான்காம் தேதி, பட்டப்பகலில் நடந்தது. லீயான் ஹாக்கெட் தன் வாயால் சொன்னது. அவள் கதை கட்டுகிற ஆள் இல்லை. அலமாரி அரை சென்டிமீட்டர் தப்பினாலும் தச்சரைத் திரும்பக் கூப்பிடுகிறவள். அன்று நடந்த ஒவ்வொன்றுக்கும் மணி சொல்வாள். கையில் கடிகாரம் கட்டியிருந்தாள்.

விடுமுறை வீடுகளை அழகுபடுத்துவது அவள் தொழில். அடிலெய்டுக்காரர்கள் கடலோரம் வாங்கிப் போடுகிற பழைய வீடுகளை உள்ளே மாற்றிக் கொடுப்பாள். தெற்கு ஆஸ்திரேலியாவில், யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், கெல்லட் விரிகுடாவில் ஒரு வீடு. வாங்கிய தம்பதி கேட்டது ஒன்றுதான்.

"ஜூலை மழையில வந்து கதவைத் திறந்தாலும் உள்ளே கோடை இருக்கணும்."

லீயான் கோடையைக் கொண்டுவந்தாள். சுவரெல்லாம் வெள்ளை. தரைக்கு மணல் நிறத்தில் சணல் விரிப்பு. உப்புக் காற்றில் வெளுத்த மாதிரியான நீலத்தில் திண்டுகள். பின்பக்கத்துச் சின்ன அறையைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி, புது அடுக்குக் கட்டில் போட்டாள். அந்த அறையின் மேற்குச் சுவரில் கண்ணாடிப் பட்டைகள் வைத்த பழைய ஜன்னல் இருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு, சுவர் முழுக்க ஒரே கண்ணாடி வைக்கச் சொன்னாள். திறக்காத கண்ணாடி. கடல் சட்டம் போட்ட படம் மாதிரி தெரிய வேண்டும்.

பெயின்ட் அடித்த வாரன் அப்போதே கேட்டான்.

"ஏன் பாஸ், மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா அடிக்குமே. பசங்களை வறுத்தெடுக்கப் போறியா?"

"ஏசி வரும். நீ பிரஷைப் பாரு."

"வர்ற வரைக்கும் ரொட்டி சுட்டுக்கலாம்."

அவன்தான் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையிலிருந்து ஒரு பிரம்பு நாற்காலியைத் தூக்கி வந்தான். பழசு, ஆனால் கெட்டி. வெள்ளை அடித்து நீலக் கோடு போட்ட திண்டு வைத்ததும் கூடமே எடுப்பாகிவிட்டது. லீயான் அதைக் கடலைப் பார்த்துப் போட்டாள்.

பதினைந்தாம் தேதி காலையில் புகைப்படக்காரர் வருவதாக இருந்தது. முதல் நாள் மதியம் லீயான் தனியாக வந்தாள். மணி 12:40. அங்கே ஜனவரிதான் நடுக்கோடை; வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. அனல் காற்று கதவை அடித்துக்கொண்டே இருந்ததால் உள்ளே நுழைந்ததும் முன்கதவைப் பூட்டினாள். போனையும் தண்ணீர் பாட்டிலையும் சமையலறையில் வைத்தாள்.

பிரம்பு நாற்காலி கூடத்தில் இல்லை.

நடையில் இருந்தது. சின்ன அறைக் கதவுக்குப் பக்கத்தில். வாரனின் குறும்பு என்று நினைத்துத் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டாள். சமையலறைக்குப் போய்ப் பழக்கிண்ணத்தில் எலுமிச்சைகளை அடுக்கினாள். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தாள். நாற்காலி அங்கேயேதான் இருந்தது. ஆனால் திண்டு நடுவில் குழிந்திருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.

தட்டிச் சரிசெய்தாள். லினன் திரையைத் தோளில் போட்டுக்கொண்டு சின்ன அறைக்குள் போனாள்.

மணி 1:10. பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்று அடித்துச் சாத்தவில்லை. டிக்... என்று மெதுவாக. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் சாத்துவார்களே, அப்படி.

பிடியைத் திருப்பினாள். திரும்பியது. வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது. தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். அந்தப் பக்கம் எதுவோ முட்டுக்கொடுத்திருந்தது.

அப்போது கேட்டது. க்ர்ர்ர்க்... பிரம்பு முனகுகிற சத்தம். யாரோ நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"வாரன்? போதும். திற."

மறுபடி பிடியைத் திருப்பித் தள்ளினாள்.

"வாரன், இது தமாஷ் இல்ல. உள்ளே கொதிக்குது."

கதவைப் படபடவென்று தட்டினாள். தட்டி முடித்ததும் அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பெண் குரல். வயதான குரல். கோபம் இல்லை, அலுப்பு மட்டும்.

"இன்னும் அரை மணி."

லீயான் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பின்வாங்கினாள்.

1:35. கட்டில் ஏணியைக் கழற்றிக் கண்ணாடியில் மோதினாள். கெட்டிக் கண்ணாடி. ஏணிதான் எகிறி வந்தது. கீழே கடற்கரையில் ஒரு குடும்பம் குடை விரித்து உட்கார்ந்திருந்தது. லீயான் இரண்டு கைகளையும் ஆட்டினாள். கத்தினாள். சிவப்புத் தொப்பி போட்ட பெண் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, பிள்ளைக்குத் தர்பூசணி நறுக்கப் போய்விட்டாள்.

"இன்னும் அரை மணி," என்றது குரல்.

2:20. வெயில் உள்ளே இறங்கியது. வெள்ளைச் சுவர் அதை வாங்கி வாங்கித் திருப்பி அடித்தது. கண்ணை மூடினாலும் வெள்ளை. திரையைப் பிடித்து மறைத்தாள். வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்று அவளே தேடி எடுத்த மெல்லிய துணி. எதையும் மறைக்கவில்லை.

மறுபடி கத்தினாள். மறுபடி அரை மணி கூடியது.

3:05. வாந்தி எடுத்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வியர்வை நின்றுபோயிருந்தது. அது நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். கடைசியாக ஒரு தடவை கத்த வாயைத் திறந்தாள்.

ஷ்ஷ்ஷ்...

கதவுக்கு வெளியே இல்லை.

அறைக்குள்ளே.

மேல் கட்டிலிலிருந்து.

புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையை அவள் இன்னும் பிரிக்கவில்லை. அது சரசரத்தது. யாரோ புரண்டு படுக்கிற மாதிரி.

"கத்தாதே," என்றது ஒரு சின்னக் குரல். "கத்தினா கூடும். கீழே படு. கதவுக்கிட்ட."

லீயான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பார்க்க முடியவில்லை.

தரையில் படுத்தாள். கதவுக்கு அடியிலிருந்த இடுக்கில் வாயை வைத்தாள். இழை போலக் கொஞ்சம் காற்று வந்தது. இடுக்கின் வழியே நாற்காலியின் வெள்ளைக் கால்கள் நான்கும் தெரிந்தன.

உட்கார்ந்தவரின் கால்கள் இல்லை.

க்ர்ர்ர்க்...

அவள் கத்தவில்லை.

மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

4:50.

வாரன் தன் சாவியால் முன்கதவைத் திறந்து வந்தான். பெயின்ட் டின்களை எடுத்துப்போக வந்தவன். நடையில் நாற்காலி கதவோடு ஒட்டிக் கிடப்பதையும், இடுக்கில் லீயானின் விரல்களையும் பார்த்தான். நாற்காலியை இழுத்தான். வரவில்லை.

ஆஸ்பத்திரியில், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது அவன் இதைச் சொன்னான். வழக்கமான கிண்டல் எதுவும் அவன் பேச்சில் இல்லை.

"நானே கொட்டகையிலிருந்து ஒத்தைக் கையால தூக்கிட்டு வந்த நாற்காலி, லீ. இன்னிக்கு ரெண்டு கையால இழுத்தும் நகரலை. யாரோ உட்கார்ந்திருக்கிற கனம். அப்புறம் சட்டுனு லேசாயிடுச்சு. நான் பின்னாடி விழுந்தேன்."

பத்து நாள் கழித்து லீயானைத் தேடி ஒரு பெண் வந்தாள். பெயர் கரோல். கெல்லட் விரிகுடாவில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறவள், அறுபது தாண்டியவள். வாரன் கடையில் பேசியதைக் கேட்டிருக்கிறாள். அந்த வீடு ஒருகாலத்தில் அவள் அப்பாவுடையது.

"அறுபத்தாறு ஜனவரி. எனக்கு அஞ்சு வயசு, அண்ணன் ராபிக்கு எட்டு," என்றாள். "அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போயிருந்தாங்க. எனிட் அத்தைதான் எங்களைப் பாத்துக்கிட்டாங்க. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் அந்த அறையில படுக்கணும். அத்தை கதவுக்கு வெளியே பிரம்பு நாற்காலி போட்டு உட்காருவாங்க. சத்தம் போட்டா அரை மணி கூட்டுவாங்க."

கரோல் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவங்க கதவைத் திறக்கவே இல்ல. ராபி என்னைக் கதவுக்கிட்டத் தரையில படுக்க வச்சான். அங்கே ஒரு ஆளுக்குத்தான் காத்து வரும். அவன் அடுக்குக் கட்டில்ல மேலே ஏறிப் படுத்துக்கிட்டான். நான் அழுதா ஷ்ஷ்னு சொல்லிக்கிட்டே இருந்தான். கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னுடுச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து திறந்தப்போ மணி ஆறு. நான் மட்டும்தான் பிழைச்சேன்."

"ஜன்னல்?" என்று லீயான் மெதுவாகக் கேட்டாள். "பட்டை ஜன்னல் இருந்ததே..."

"அதெல்லாம் அப்புறம் அப்பா வச்சது. அப்போ அங்கே ஒரே பெரிய கண்ணாடி. கடல் தெரியணும்னு ஆசைப்பட்டு வச்சாரு. திறக்காது."

கரோல் கைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்தது.

"அத்தைக்கு மாரடைப்பு. நாற்காலியில உட்கார்ந்தபடியே போயிட்டாங்க. ஒண்ணரைக்கு முன்னாடியே உயிர் போயிருக்கணும்னு எழுதியிருக்காரு." அவள் தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "நான் அவங்க குரலை ஆறு மணி வரைக்கும் கேட்டேன்."