மெத்துன்னு ஒரு சீட்

எங்க வீட்டுக்காரருக்கு வாய் கிடையாது. சாப்பிடுவாரு, கொட்டாவி விடுவாரு, டிவியில பாட்டு வந்தா மகளோட சேர்ந்து முணுமுணுப்பாரு. ஆனா வலிக்குதுன்னு சொல்ற வாய் மட்டும் கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு இவருக்குச் சொல்லிக் கொடுக்காமலே இவங்க அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாச்சு, நானாவது சொல்லிக் கொடுத்திருக்கணும். விட்டுட்டேன். அந்த ஆத்திரத்துலதான் இதைச் சொல்றேன்.

இவர் வேலை ரத்தம் தூக்கறது. பயந்துடாதீங்க. சின்னச் சின்ன கிளினிக்குல ஊசி குத்தி எடுக்கற ரத்தத்தைக் குப்பி குப்பியா வாங்கி, ஐஸ் பெட்டியில வச்சு, பைக்குல கொண்டுபோய் பெரிய லேப்ல சேர்க்கணும். பதினோரு கிளினிக், ஒரு நாளைக்கு நூத்தி எண்பது கிலோமீட்டர். ஜனங்க வெறும் வயித்துல வந்து ரத்தம் கொடுத்து, அதுக்குச் சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு இவர் கைக்கு வர்றதுக்குள்ள பதினோரு மணி ஆயிடும். அப்புறம் என்ன, உச்சி வெயில்தான்.

பெட்டி பின்னாடி உக்காந்துக்கும். பாதி சீட் அதுக்கே சரியாப் போகும். மிச்சப் பாதியில, பெட்டிக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவுல, இடிச்ச புளி மாதிரி இவர். பெட்டிக்குள்ள இருக்கற ரத்தத்துக்கு ஐஸ். அதைத் தூக்கிட்டுப் போற மனுஷன் உடம்புல ஓடற ரத்தத்துக்கு நெருப்பு. பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸ் எடுத்துக் கழுத்துல தடவிக்கிட்டா மெமோ கொடுப்பாங்க. கொடுத்தும் இருக்காங்க.

பைக் சீட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கறுப்பு ரெக்சின் பத்து நிமிஷம் வெயில்ல நின்னா, மறுபடி ஏறி உக்கார்றவனுக்கு உயிர் போயி உயிர் வரும். அதுக்கு ஒவ்வொருத்தரும் ஒரு வித்தை வச்சிருந்தாங்க. இவரோட கூட்டாளி ஒருத்தர், எப்பவும் தண்ணி பாட்டிலோட அலைவாரு. சீட்டைக் குளிப்பாட்டித் துடைச்சிட்டுத்தான் ஏறுவாரு. அதனால அவருக்குப் பேரே பாட்டில். இன்னொருத்தர் மரமணி கோத்த விரிப்பு போட்டாரு. காத்து நல்லா போச்சாம். இறங்கினா பின்னாடி முழுக்கப் புள்ளி புள்ளியா அச்சு. இவர் வெள்ளைத் துண்டை நாலா மடிச்சுப் போட்டுப்பாரு. அரை மணிக்கு ஒரு தடவை ஃபுட்ரெஸ்ட்ல காலை ஊன்றி, நின்னுகிட்டே கொஞ்ச தூரம் ஓட்டுவாரு. ரோட்டுல பாக்கறவங்க, "பெரியவரே, சர்க்கஸா?"ன்னு கேப்பாங்களாம். அப்ப இவருக்கு வயசு நாப்பத்தொண்ணு.

நான் தையல்காரி. வீட்டு முன் அறையில ஜன்னலோரம் என் மெஷின். லேப்ல கொடுத்த யூனிஃபார்ம் பேன்ட்டைப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வெயில்ல சுத்தற ஆளுக்கு நைலான் கலந்த தடிமன் துணி! கால் ரெண்டும் கூடற இடத்துல நாலு தையல் ஒண்ணா வந்து முட்டி, கயிறு கணக்கா ஒரு முடிச்சு. நாள் பூரா அதும்மேல உக்காந்தா தோல் என்னத்துக்கு ஆகும்? அந்த இடத்தைப் பிரிச்சு, சாய்சதுரமா ஒரு பருத்தித் துண்டு வச்சு, தையல் நாலும் நாலு பக்கமா ஒதுங்கற மாதிரி தைச்சுக் கொடுத்தேன். பதினைஞ்சே நாள்ல உராய்ச்சல் புண் ஆறிடுச்சு. அப்புறம் பாட்டிலோட பேன்ட் வந்துச்சு, மணி விரிப்புக்காரரோடது வந்துச்சு, முகம் தெரியாத ஆளுங்களோடதெல்லாம் வந்துச்சு. எனக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு. அதை மறைக்க மாட்டேன்.

இத்தனையும் எதுக்குன்னா ஒரு நாற்காலிக்கு. லேப்ல கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி, வர்ற பெட்டியை வாங்கிப் பதிவு பண்ற மேஜை ஒண்ணு இருக்கு. தலைக்கு மேல ஃபேன், உருளுற நாற்காலி. பத்து கோடை வண்டி ஓட்டினவங்களுக்கு அந்த இடம்னு ஒரு விதி. கோடைன்னா நாலு மாசம், ஒரு நாள் கூட லீவு போடக் கூடாது. போட்டா அந்த வருஷமே கணக்குல வராது. மகள் பிறந்தப்ப ஒரு வருஷம் போச்சு, மாமனார் இறந்தப்ப ஒரு வருஷம். பத்து கோடையைச் சேர்க்க இவருக்குப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. விதியைப் போட்ட மேனேஜருக்கு ஏசின்னு பேர் வச்சது பாட்டில்தான். அறையை விட்டு வெளிய வந்தா உருகிடுவாருன்னு.

இவருக்கு அந்த வேலையில கூடுதலா என்ன வருங்கறது கூடப் பெருசாத் தெரியல. "முதுகு சாய்ச்சுக்கலாம்ல?"ன்னு மட்டும் சொல்லுவாரு. பன்னிரண்டு வருஷத்து ஆசை அவ்வளவுதான். சாய்ஞ்சு உக்காரணும்.

பத்தாவது கோடை ஆரம்பிச்ச முதல் மாசம் இவர் நின்னுகிட்டே சாப்பிட ஆரம்பிச்சாரு.

"அப்பா, வீட்டுப்பாடம் செய்யலேன்னாதான் எங்களை நிக்க வைப்பாங்க. உங்களை யார் நிக்க வச்சது?"ன்னு மகள் கேட்டா.

"நாள் பூரா உக்காந்தே கெடக்கேன்ல, கொஞ்சம் நிக்கறேன்டா"ன்னாரு.

ஒருக்களிச்சுப் படுக்கறதைப் பாத்தப்ப எனக்குப் புரிஞ்சுபோச்சு. "என்னங்க, கட்டியா?"

"சூட்டுக் கட்டி. சின்னதுதான். ஒரு மழை பெஞ்சா அமுங்கிடும்."

"தினமும் பதினோரு டாக்டர் வாசலை மிதிக்கறீங்களே, ஒருத்தர்கிட்ட காட்டக் கூடாதா?"

"அங்க காட்டினா லேபுக்குத் தெரிஞ்சுடும். வண்டி ஏறாதேன்னு எழுதிக் கொடுத்துட்டாங்கன்னா? ஒரு நாள் போனாலும் ஒரு வருஷம். மூணு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கறேன்."

இழுத்துட்டுப் போயிருக்கணும் நான். போகல. எனக்கும் அந்த நாற்காலி மேல கண்ணு. அதுக்குப் பதிலா என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை வண்டி சீட்டைக் கழட்டி அடுக்களைத் தரையில போட்டேன். குறடு வச்சு ஆணியெல்லாம் பிடுங்கி, ரெக்சினை உரிச்சா, உள்ள பழைய நுரை கல்லு மாதிரி இருந்துச்சு. இதும்மேலயா பன்னிரண்டு வருஷம் உக்காந்தாருன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதை வெட்டி எடுத்துப் பழைய சாமான் வாங்கறவர்கிட்ட கொடுத்துட்டேன். என் மெஷின் ஸ்டூல்ல நாலு விரல் கனத்துக்கு ஒரு ஸ்பாஞ்ச் போட்டிருந்தேன். ஒன்பது வருஷமா தினம் எட்டு மணி நேரம் அதுலதான் உக்காந்து தைக்கறேன், ஒரு வலி கிடையாது. அதை எடுத்துச் சீட்டுக்குள்ள வச்சேன். மேல கறுப்பு வேணாம்னு வெளிர் சாம்பல் நிறத்துல, காத்து போற துணி போட்டு இழுத்துத் தைச்சேன். அமுக்கினா மெத்துன்னு உள்ள போச்சு. என் ஸ்டூலுக்குப் பழைய போர்வையை மடிச்சுப் போட்டுக்கிட்டேன். அதை இவர்கிட்ட சொல்லல.

சீட்டை மாட்டி ஏறி உக்காந்தாரு. அப்படியே அமுங்கினாரு. "எப்படி இருக்கு?"ன்னேன்.

"சீட்டா இது? சிம்மாசனம்!"

எனக்குக் கால் தரையில பாவல. மறுநாளிலிருந்து சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கேப்பேன், "சீட் எப்படி?" தலைக்கவசத்தைக் கழட்டிக்கிட்டே சொல்லுவாரு, "சிம்மாசனம்." தினமும் கேட்டேன், வெட்கம் கெட்டவ. தினமும் சொன்னாரு.

கோடை முடிஞ்சுது. ஒரு நாள் லீவு இல்லை. உத்தரவு வந்துச்சு. திங்கக்கிழமை சட்டையை நான் இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அன்னைக்குன்னு பாத்துச் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டாரு. எடுத்துக்கிட்டு நானே போனேன். இவர் நாற்காலியில உக்காந்திருக்கறதைக் கண்ணால பாக்கணும்னு இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

கண்ணாடிக்குப் பின்னாடி இவர் நின்னுகிட்டிருந்தாரு. நாற்காலியைச் சுவரோரமாத் தள்ளி விட்டிருந்தாரு. அதும்மேல யாரோ கைப்பையை வச்சிருந்தாங்க. அதிசயமா அறையை விட்டு வெளிய வந்த ஏசி என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா இவ்வளவு மரியாதை? காலையிலிருந்து நானும் உக்காருன்னு சொல்றேன், உக்கார மாட்டேங்கறாரு."

நானும் சிரிச்சேன். அப்ப ஏதோ பெட்டியை எடுக்க இவர் திரும்பினாரு. பேன்ட்டுக்குப் பின்னாடி உள்ளங்கை அகலத்துக்கு ஈரக் கறை. ரத்தமும் சீழுமா. பன்னிரண்டு வருஷம் ஊர் ரத்தத்தைத் தூக்கின மனுஷன் தன் ரத்தத்தோட நின்னுகிட்டிருந்தாரு, அத்தனை பேர் இருக்கற இடத்துல ஒருத்தர் கண்ணுலயும் படல.

பெரியாஸ்பத்திரியில அறுவை டாக்டரம்மா பாத்தாங்க. "எத்தனை மாசமா?"

"கொஞ்ச நாளாத்தான்"னாரு இவர்.

"கொஞ்ச நாள்ல இது இவ்வளவு தூரம் ஓடாது"ன்னாங்க. வால் எலும்பு மேல வந்த கட்டி உள்ளுக்குள்ளயே வழி பண்ணிக்கிட்டு விரல் நீளத்துக்குப் போயிருக்கு. அறுத்துத் திறந்து விட்டாங்க. தைக்கக் கூடாதாம், அடியிலிருந்து தானா ஆறி வரணுமாம். தினமும் கட்டு மாத்தணும். மூணு மாசம், அதுக்கு மேலயும் ஆகலாம். உக்காரவே கூடாது.

பாட்டில் பாக்க வந்தாரு. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல தயங்கித் தயங்கி நின்னாரு. "தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. அந்த சீட்டை அப்பவே மாத்துன்னு சொன்னேன். மெத்துன்னு இருந்தா நூறு கிலோமீட்டருக்குத் தாங்காது. ஸ்பாஞ்ச் அமுங்கி அடியைத் தொட்டுடும், குழிக்குக் குழி வால் எலும்பு அடித் தகட்டுல போய் இடிக்கும். நீண்ட தூரத்துக்குக் கெட்டி சீட்தான் நல்லது. பழைய நுரையையாவது வாங்கிப் போடுன்னேன். கேக்கல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுதுன்னு சொல்லுவாங்களே, அதை என் கையால நான் பிடிச்சிருக்கேன். என் ஸ்டூல் ஆடாது, குழியில விழாது. அந்தச் சின்ன விஷயம் ஒன்பது வருஷத் தையல்காரிக்குத் தோணல.

உள்ள போனேன். இவர் குப்புறப் படுத்திருந்தாரு. வந்த கோபத்துக்கு நர்ஸ் இருக்கறதைக் கூடப் பாக்கல. "ஏன்யா சொல்லல? தினம் கேட்டேனே, தினம்! சிம்மாசனம் சிம்மாசனம்னு என் வாயை அடைச்சியே!" கல்யாணமான நாள்லேர்ந்து இவரை நான் யான்னு கூப்பிட்டதில்லை.

தலையணையில முகத்தை வச்சுக்கிட்டே சொன்னாரு. "உன் ஸ்டூல்ல போர்வை கெடந்துச்சு. பாத்தேன். நீ அதும்மேல உக்காந்துக்கிட்டு என்னை ஸ்பாஞ்ச்ல உக்கார வச்சிருக்க. எப்படிச் சொல்றது?"

இந்த அன்பை எதுல கொண்டுபோய்ப் போடறது? ஒருத்தருக்கொருத்தர் வாயை மூடிக்கிட்டே ஒரு மனுஷன் உடம்பைக் குழியாக்கி வச்சிருக்கோம்.

நாலு மாசம் ஆச்சு புண் மூட. டாக்டரம்மா சான்றிதழ்ல, தொடர்ந்து உக்காந்து செய்யற வேலை கூடாதுன்னு எழுதினாங்க, நல்லதுக்குத்தான். அதை லேப்ல கொடுத்தோம். ரெண்டு வாரத்துல கடிதம் வந்துச்சு. "மேற்படி பணியாளர் தொடர்ந்து உட்கார்ந்து செய்யும் பணிக்கு உடல்தகுதி அற்றவர் எனத் தெரியவருவதால், அவர் முன்பு பார்த்த வழித்தடப் பணிக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்."

ஏசி அறைக்குள்ளயே போயிட்டேன். "ஐயா, வண்டியில மட்டும் என்ன நின்னுகிட்டா போறாரு?"

அவர் கத்தல, கோபப்படல. ஃபைலைத் திருப்பி என் பக்கம் காட்டினாரு. "வண்டி ஓட்டறது களப்பணிம்மா. உட்கார்ற வேலைன்னு அது வராது." நாற்காலி அதுக்குள்ள வேற ஒருத்தருக்குப் போயிருந்துச்சு. அந்த ஆள் மேல எனக்குக் கோபம் இல்லை, அவரும் பத்து கோடை வெந்தவர்தான். ஆனா அந்த அறையோட குளிர்ச்சி இருக்கே, அது இன்னும் என் உடம்புல எரியுது.

வேற வேலை தேடாமலா இருந்தோம்? நாப்பது தாண்டின ஆள், பத்தாங்கிளாஸ், உடம்புல வெட்டு. எல்லாரும் உக்காருங்கன்னுதான் முதல்ல சொன்னாங்க. இவர் நின்னாரு. அப்புறம் சொல்லி அனுப்பறோம்னாங்க.

சீட் தைக்கற கடைக்கு நானே போய், இருக்கறதுலயே கெட்டியான நுரையை வாங்கினேன். வால் எலும்பு வர்ற இடத்துல மட்டும் அரை சாண் நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, எதுவும் படாத மாதிரி விட்டுத் தைச்சேன். பழைய ஸ்பாஞ்ச் என் ஸ்டூலுக்குத் திரும்ப வந்துச்சு. நான் அதுல உக்கார்றதில்லை.

இந்தக் கோடையோட முதல் நாள் காலையில, பெட்டியை வச்சுக் கட்டி, சீட்டுல தண்ணி ஊத்தித் துடைச்சுக் கொடுத்தேன். ஏறி உக்காந்தாரு. நான் ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொன்னா வண்டியை விட மாட்டேன்."

என்னைப் பாத்தாரு. அப்புறம், பதினாறு வருஷத்துல முதல் தடவையா, "வலிக்குது"ன்னாரு.

நான் கையை எடுத்தேன். வேற என்ன செய்ய? மணி பத்து ஆயிருந்துச்சு. வண்டியை உதைச்சுக் கிளம்பிட்டாரு.