அட்டைக்குத் தடவிய சவுக்காரமும் உப்பும்

சேரங்கோட்டுப் பக்கம் தேயிலைக் காட்டில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நிரையில் என்னை முந்தியவள் ஒருத்தி கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு ஆனி மழையில் வேலை ஓடாமல் கால் மாற்றி மாற்றி நின்றேன்.

பிறப்புறுப்பில் அரிப்பு. அந்தச் சொல்லை அப்போது வாயில் எடுக்க மாட்டோம், ‘அடியில்’ என்போம். மழை நாளில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை படங்கு என்கிற முரட்டுச் சாக்கை இறுக்கிக் கட்டித்தான் கொழுந்து எடுப்பது. காலையில் நனைந்த பாவாடை சாயங்காலம் வரை ஈரம்தான்.

பக்கத்து நிரைக்காரி கவனித்துவிட்டாள். “என்னாக்கா, அட்டை ஏறிருச்சா? புடிச்சுப் போடு. பெரிய மனுசின்னு அது பாக்காது!”

எல்லாரும் சிரித்தார்கள். அட்டைதான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். அட்டை ஏறாமலிருக்கக் காலில் தடவ, சவுக்காரத்தில் உப்பைக் குழைத்து வைத்திருப்போம். அதையே அங்கே தடவினேன். மிளகாய் அரைத்து வைத்தது போல எரிந்தது. எரிந்தால் மருந்து பிடிக்கிறது என்று நினைத்து மூன்று நாள் தடவினேன். புத்தி அவ்வளவுதான். அட்டையும் இல்லை, இரத்தமும் இல்லை. திரிந்த பால் போல வெள்ளை வெள்ளையாய்ப் பாவாடையில் பட்டது. வாடை கிடையாது. ஒன்றுக்குப் போனால் பல்லைக் கடிக்க வேண்டும்.

அப்போதுதான் பயம் பிடித்தது. என் வீட்டுக்காரர் தேயிலைத்தூள் லாரி ஓட்டுகிறவர். கோயம்புத்தூர் போனால் இரண்டு நாள் கழித்து வருவார். லாரிக்காரன் பெண்டாட்டிக்கு வரும் நோய் என்று லயத்து வரிசை வீடுகளில் குசுகுசுத்ததெல்லாம் காதுக்குள் வந்து நின்றது. அவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். பையைக் கொட்டிப் பார்த்தேன். ஒரு சீப்பு, காய்ந்த வெற்றிலை, அவ்வளவுதான். அவர் பாயை எடுத்து வாசல் அறையில் போட்டேன்.

“ஏ புள்ள, நான் என்னா பண்ணேன்?”

“ஒங்களுக்குத்தான் தெரியும்.”

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்தவளுக்கு இரண்டு பிள்ளைகளோடு போய் நிற்க வேறு ஊர் ஏது? 

பத்தாம் நாள், அதுவரை லீவே போடாதவள் லீவு போட்டுவிட்டுக் கூடலூருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவர், கோயம்புத்தூர்ப் பேச்சு. பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்கக்கா, இந்த அரிப்புக்கு முன்னால ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா?”

இருமல் காய்ச்சலுக்கு ஒரு வாரம் கேப்ஸ்யூல் விழுங்கியது நினைவுக்கு வந்தது. சொன்னேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: “வீட்டுக்காரர் கொண்டாந்து குடுத்த நோயாம்மா?”

“அட, இல்லீங்க! இது பூஞ்சைக் காளான். எல்லாப் பொம்பளைங்க ஒடம்புலயும் கொஞ்சம் இருக்கும். அந்த மாத்திரை நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னா இது பெருகிக்குமுங்க. ஈரத்துணி வேற. சர்க்கரை இருக்குதான்னும் பாத்துருவோம்.”

சோப்பு, உப்பு என்று சொன்னதும் தலையில் கை வைத்தார். “அங்க வெறும் தண்ணி போதுமுங்க!” ஆறு மாத்திரை கொடுத்தார். விழுங்க அல்ல, படுக்கும்போது ஒவ்வொன்றாக உள்ளே வைக்க. அரிப்பு நின்றாலும் ஆறையும் வைக்க வேண்டும். அதுவரை கணவரோடு சேரக் கூடாது. நாற்றம் அடித்தாலோ, அடிவயிறு வலித்தாலோ, இரத்தம் பட்டாலோ அது வேறு சங்கதி, உடனே வரவேண்டும் என்றார். சர்க்கரை இல்லை என்று வந்தது.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். மழைச்சாரல் என்று பக்கத்தில் இருந்தவள் நினைத்திருப்பாள்.

வீட்டில் அவர் தன் பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “உள்ள வரலாமா?”

“இன்னும் ஆறு நாளு அங்கயே படுங்க. டாக்டரம்மா சொன்னது.”

“ஒடம்புக்கு என்னா?”

“ஈரம். வேற ஒண்ணுமில்ல.” அன்று கருவாடு பொரித்து, பெரிய துண்டாய் அவர் தட்டில் வைத்தேன். அந்த நாளெல்லாம் நான் எதை நினைத்துப் பயந்தேன் என்பதை அவர் கண்மூடும் வரை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது.