கப்பல்காரர் கடலில் இறங்கிய மே மாதம்

குர்தோரியில் இனாஸ் பர்ரெத்தோவைக் கப்பல்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபத்தொன்பது வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது, அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. கல்யாண வீட்டுப் பந்தலில் புயல், மழை என்று பேச்சு வந்தால் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும். அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. பிஸ்கே வளைகுடாவில் அலை மூன்று மாடி உயரம் எழும்பியதைச் சொல்வார். தட்டும் கோப்பையும் பறந்து சுவரில் மோதியதைச் சொல்வார். ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல மாட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது.

நீச்சல் கிடக்கட்டும், முழங்கால் அளவு தண்ணீரைக் கண்டாலே அவர் ஒதுங்கிப் போய்விடுவார். ஏழு வயதில் ஊர் ஏரிப் படிக்கட்டில் பாசி வழுக்கி உள்ளே போனார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். அன்று முதல் குளியல் என்றால் வாளி, குவளை, நாலு சுவர்.

அப்படிப்பட்டவர் கப்பலுக்கு எப்படிப் போனார் என்று கேட்டால், குர்தோரியில் மற்றவர்கள் எப்படிப் போனார்களோ அப்படித்தான். பம்பாயில் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு விடுதி உண்டு. அங்கே பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு எட்டு மாதம் காத்திருந்தார். நேர்காணலில், "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார்கள். வரிசையில் முன்னால் நின்ற பதினோரு பேரும் தெரியும் என்றார்கள். இவரும் தெரியும் என்றார். பிற்பாடு ஒருமுறை பயிற்சி என்று சொல்லி லைஃப் ஜாக்கெட் மாட்டி நீச்சல் குளத்தில் குதிக்கச் சொன்னபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார். பயிற்சியாளர் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். மிதந்தது ஜாக்கெட்டின் புண்ணியம், சான்றிதழ் இவர் பேருக்கு வந்தது.

வேலை சலவை அறையில். பெரிய உல்லாசக் கப்பல், ஆயிரத்து இருநூறு பயணிகள், அத்தனை பேருக்கும் தினம் புதுப் படுக்கை விரிப்பு. சலவை அறை கப்பலின் அடிவயிற்றில் இருக்கும். ஜன்னல் கிடையாது. நீராவி, சோப்பு வாசனை, இஸ்திரிச் சூடு இவ்வளவுதான். கடல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று இவருக்குத் தெரிய வேண்டுமானால் சாப்பாட்டு இடைவேளையில் நாலு மாடி ஏற வேண்டும். பெரும்பாலும் ஏற மாட்டார். துறைமுகத்தில் கூட்டாளிகள் கடற்கரைக்குக் கூப்பிட்டால், கேப்டன் சட்டை பாக்கி இருக்கிறது என்பார். ஒரு கேப்டனுக்கு அவ்வளவு சட்டை எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஊரில் மே மாதம் என்றால் கடல் குளியல். மழை பிடிப்பதற்கு முன்னால் ஒருநாள், வீட்டுக்கு வீடு டெம்போ பேசி, பாத்திரம் பண்டம் ஏற்றி, பெனாலிம் கரைக்குப் போய் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை கிடப்பார்கள். விளையாட்டுக்காகப் போவது சின்னதுகள்தான். பெரியவர்களுக்கு அது வைத்தியம். மே மாதத்து உப்புத் தண்ணீர் மூட்டு வலியை இழுக்கும் என்பது கணக்கு. முழுக்கு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. இரட்டையில் நிறுத்தினால் உடம்புக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று யாருக்கும் தெரியாது, கேட்டவனைத்தான் முறைப்பார்கள்.

இனாஸின் மனைவி கித்தேரியா கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு மே கூடத் தவறவிட்டதில்லை. மே மாதத்தில் உல்லாசக் கப்பல்களுக்கு வேலை தலைக்குமேல் இருக்கும், ஆகவே புருஷன் ஒருமுறையும் உடன் வந்ததில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கியது இனாஸின் தங்கை ப்ளாசிதா. நாத்தனாரும் அண்ணியும் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணி முழுகுவதைக் கரையிலிருந்து பார்த்து ஊரே சிரிக்கும். அந்த ப்ளாசிதா போன கிறிஸ்துமஸோடு மகனுடன் இங்கிலாந்துக்குக் குடி போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற முதல் மேயில் இனாஸுக்கு இரத்த அழுத்தம் வந்தது. இரண்டாவது மேயில் கோயில் கூரைக்கு ஓடு மாற்றும் கமிட்டியில் அவர் இல்லாமல் ஒரு ஓடும் நகராது என்றாகிவிட்டது. இந்த வருஷம் சாக்குக்கு வழியில்லை. கித்தேரியாவின் இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது, அறுவை சிகிச்சைதான் என்று மட்காவ் டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ, இந்த மே ஒன்பது முழுக்குப் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

"ப்ளாசிதா இல்ல. இந்த வாட்டி நீதான் என் கையப் பிடிச்சுக்கணும்" என்றாள்.

"பாக்கலாம்" என்றார் இனாஸ். அன்று இரவு அவர் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு டெம்போ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் கித்தேரியாவின் தம்பி மெனீன். அவன் மகள் ஜொவீத்தா, கல்லூரியில் படிக்கிறவள், முன்னால் உட்கார்ந்திருந்தாள். கஞ்சிப் பானை, இறால் கறி, கூடை நிறைய பாவ் ரொட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் மெனீனின் உர்ராக் என்ற முந்திரிச் சாராயம் எல்லாம் ஏறின. இனாஸ் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட கால்சட்டையோடு வந்து ஏறினார்.

மெனீன் மேலும் கீழும் பார்த்தான். "அத்தான், நாம கடலுக்குப் போறோமா, பிஷப்பைப் பாக்கப் போறோமா?"

"உன்ன மாதிரி அரை டவுசர் போட்டுக்கிட்டு ரோட்டுல நிக்க எனக்கு வராதுப்பா."

கரையில் சவுக்கு நிழலில் பாயை விரித்ததும், சாப்பாட்டுக்குக் காவல் இருக்கப்போவதாக இனாஸ் தாமாகவே முன்வந்தார். நாய் வரும், காக்கை வரும் என்றார். பானைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்தொன்பது வருஷம் கப்பல்ல இருந்தவரு கஞ்சிப் பானைக்குக் காவலாம்" என்றான் மெனீன். "அலை மூணு மாடி உயரம் வந்துச்சுன்னீங்களே. இங்க முட்டி உயரம்தான் வருது. இதுக்கெல்லாம் கால நனைக்கக் கூடாதுன்னு கௌரவமோ?"

"உள்ளதச் சொன்னா அதான்" என்றார் இனாஸ். "அந்தத் தண்ணியப் பாத்தவனுக்கு இது வாய்க்கால்."

கித்தேரியா புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஜொவீத்தாவை அழைத்துக்கொண்டு இறங்கினாள். அந்தப் பெண் நல்ல பெண்தான், ஆனால் ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. இடுப்பளவுத் தண்ணீரில் முதல் முழுக்கு சரியாக ஆனது. இரண்டாவதில் எழும்போது ஒரு அலை பக்கவாட்டில் வந்து இருவரையும் சேர்த்துச் சாய்த்தது. கித்தேரியா முட்டி தரையில் மோத விழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து, நாலு காலில் தவழ்ந்துதான் கரைப்பக்கம் வந்தாள்.

இனாஸ் எழுந்து நின்றார். கால் நாலு எட்டு வைத்தது. ஈரமணல் தொடங்குகிற இடத்தில் தானாக நின்றுவிட்டது. அதற்குள் ஜொவீத்தாவே அத்தையைத் தூக்கிவிட்டாள். நின்ற இடத்திலிருந்து அவர் திரும்பிப் பாய்க்குப் போனார். அந்த நாலு எட்டுத் தூரத்தில் தன்மேலேயே அவருக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

கஞ்சி குடித்தார்கள். கித்தேரியாவின் இடது முட்டி வீங்கிக்கொண்டு வந்தது. ஜொவீத்தா அழுத கண்ணோடு மீண்டும் வருவதாகச் சொன்னாள். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். மெனீன் இரண்டு கிளாஸ் உர்ராக் உள்ளே போன நிலையில், "அக்கா, நான் பிடிச்சுக்கிறேன் வா" என்று எழுந்து, தன் செருப்பைத் தேடிக்கொண்டே மீண்டும் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டோட நிக்குது" என்றாள் கித்தேரியா, இனாஸைப் பார்த்து. "போடாமலே இருந்திருக்கலாம். ரெண்டோட நிறுத்தினா இருக்கிற வலியும் கூடத்தான் செய்யும். வா, இனாஸ்."

"கால்சட்டை..."

"உன் கால்சட்டைய நான் இஸ்திரி போட்டுத் தரேன்."

"சாப்பாடு திறந்து கிடக்குது, கித்தேரியா."

அவள் குரலை உயர்த்தாமலே சொன்னாள். "ஊர்ல எல்லார் வீட்டுக்காரனும் வந்து கையப் பிடிக்கிறான். எனக்குப் பிடிச்சது நாத்தனார். நீ சம்பாதிக்கப் போனே, சரி. இப்ப எங்க போயிருக்கே? பத்தடி தூரத்துல உக்காந்து காக்கா ஓட்டுறே."

சொல்லிவிட்டு எழுந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்துத் தனியாகவே தண்ணீரை நோக்கி நடந்தாள். நேரம் பதினொன்றரை, கடல் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் முட்டி உயரம் இருந்த அலை இப்போது தொடை வரை வந்தது. ஜொவீத்தா பதறிப்போய், "மாமா, அத்தையக் கூப்பிடுங்க மாமா" என்றாள்.

கூப்பிட்டால் திரும்புகிறவள் இல்லை என்பது இனாஸுக்குத் தெரியும். அவர் பானையை மூடினார், மூடி சரியாக உட்காரவில்லை, அப்படியே விட்டார். இறங்கி நடந்தார். ஈரமணல் வந்தது. கால் நிற்கப் பார்த்தது, நிற்க விடவில்லை. கணுக்கால் நனைந்தது, இஸ்திரி மடிப்பு நனைந்தது, முழங்கால் நனைந்தது. காலடியில் மணல் உருவிக்கொண்டு ஓடியபோது ஏரிப் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. இடுப்பளவில் அவளை எட்டிப்பிடித்து மணிக்கட்டைப் பற்றினார்.

கித்தேரியா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்தது, அதற்கடியில் சந்தோஷமும் இருந்தது. "இப்பவாவது வந்தியே" என்றாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள். "எதுக்கு இந்தப் பிடி பிடிக்கிறே? எலும்பு நொறுங்கிடும் போல இருக்கு."

ஒரு அலை வந்து மார்பைத் தொட்டுப் போனது. இனாஸ் இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். உடம்பு முழுக்க நடுங்கியது. மே மாத வெயிலில் குளிருக்கு நடுங்குகிறவர் எவரும் இல்லை.

"இனாஸ்" என்றாள் அவள் மெதுவாக. "உனக்கு நீந்தத் தெரியுமில்ல?"

"தெரியாது."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

"அப்ப கப்பல்ல? இருபத்தொன்பது வருஷமும்?"

"கப்பலு மிதந்துச்சு. நான் உள்ள இருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். இத்தனை வருஷம் அவர் பயந்தது சிரிப்புக்குத்தான். மெனீன் சிரிப்பான், கல்யாணப் பந்தல் சிரிக்கும், கப்பல்காரர் என்ற பெயர் ஒரே நாளில் கேலிப் பெயராகிவிடும் என்று பயந்தார். ஆனால் கித்தேரியாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நீ கப்பல்ல இருந்தப்ப, மழைக்காலத்துல காத்து கூரை ஓட்டைப் பிச்சுக்கிட்டுப் போகும்" என்றாள். "ப்ளாசிதா உக்காந்து உனக்காக அழுவா. மெழுகுவத்தி ஏத்தி வெப்பா. நான் அவளத் திட்டுவேன். கப்பல்காரன் அவன், மீனு மாதிரி நீந்துவான், எதுக்குடி வீணா மெழுகுவத்தின்னு ஊதி அணைச்சிட்டுப் போய்ப் படுத்துப்பேன். நல்லாத் தூங்குவேன், இனாஸ். இருபத்தொன்பது வருஷம் நல்லாத் தூங்கினேன்."

"நீ தூங்கணும்னுதான் சொல்லல."

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். அடக்க முடியாமல், தோள் குலுங்க, கரையில் எல்லாரும் பார்க்க அழுதாள். நடுங்குவது இப்போது யார் உடம்பு என்று இனாஸுக்கே தெரியவில்லை.

"இப்ப எதுக்கு? இதோ நிக்கிறேனே. பக்கத்துலதானே நிக்கிறேன்."

"அப்பப் படாத பயத்தையெல்லாம் இப்பப் படுறேன். விடு. ஏறு கரைக்கு."

"ரெண்டோட நிக்குதே."

"நின்னா நிக்கட்டும். என் முட்டி எக்கேடும் கெடட்டும். நீ ஏறு மொதல்ல."

அவள் அவரைக் கரைப்பக்கம் தள்ளினாள். இனாஸ் நகரவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஊதி அணைத்த மெழுகுவர்த்திகளை நினைத்தபோது, பத்தடி தூரத்துப் பாய்க்குத் திரும்பிப் போக அவருக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதானே பாக்கி" என்றார். "போட்டுட்டுப் போயிடலாம். எப்படிப் போடணும்னு சொல்லு."

கித்தேரியா அவரையே பார்த்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்தாள், கையிலும் உப்புத் தண்ணீர்தான். பிறகு அவருடைய இரண்டு கையையும் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள்.

"கண்ண மூடிக்க. மூச்சப் பிடிச்சுக்க. நான் கைய அழுத்தினா உக்காரு, இழுத்தா எழுந்திரு. நடுவுல என்ன ஆனாலும் நான் விட மாட்டேன்."

அழுத்தினாள். தலைக்குமேல் தண்ணீர் மூடியது. காது அடைத்தது. எவ்வளவு நேரம் என்று இனாஸுக்குத் தெரியவில்லை. கை இழுபட்டது, எழுந்தார். மூக்கிலும் வாயிலும் உப்பு, கண் திறக்க முடியாத எரிச்சல். காலையில் முதல் முழுக்கு முடிந்து எழுந்ததும் கரைவரை கேட்கச் சத்தமாக எண் சொன்ன கித்தேரியாவின் குரல் இப்போது வரவில்லை. கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற கித்தேரியா மூன்று என்று சொல்ல மறந்து, அவர் தலை மேலே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.