என் பேர் வராத ஆட்டம்

குனிந்து நின்று கால்களுக்கு இடையால் பந்தைப் பின்னுக்கு எறிவதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள். அமெரிக்கன் ஃபுட்போலில் அதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள். பந்தை உதைக்கிற கட்டங்களில் மட்டும் மைதானத்துக்குள் ஓடிவரும் ‘ஸ்பெஷல் ரீம்’ கூட்டத்தில் நானும் ஒருவன். நான் எறிவதை முழங்காலில் இருப்பவன் பிடித்து நிலத்தில் நிறுத்துவான். இன்னொருவன் ஓடிவந்து உதைப்பான். கம்பங்களுக்கு நடுவால் போனால் மூன்று புள்ளி. சனம் உதைத்தவனைக் கொண்டாடும். நான் எழும்பி, உடம்பைத் தட்டிக்கொண்டு வெளியே போவேன்.

“குனியிறதுக்கும் சம்பளமோ?” என்று ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு கலியாண வீட்டில் பெரியப்பா எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைக் குனியவைத்து, முன்னால் இரண்டு மலைமாடுகளை அவிழ்த்துவிட வேண்டும் போல் இருந்தது. என் வாய் நிறைய ரோல்ஸ் இருந்தபடியால் அவர் தப்பினார்.

அப்பாவின் குறை வேறு. “எல்லாற்ற பேரும் ரீவியில சொல்லுறாங்கள். உன்ர பேரை மட்டும் ஏன்ரா சொல்லுறாங்களில்லை?”

“நான் பிழை விட்டால்தான் சொல்லுவாங்கள், அப்பா.”

ஓம் ஓம் என்று தலையாட்டுவார். அடுத்த கிழமையும் அதையே கேட்பார்.

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு பந்து பிழைத்தே விட்டது. பிடிக்கவேண்டியவனின் தலைக்கு மேலால் பறந்தது, ஆட்டமும் போயிற்று. அன்று ரீவியில் என் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஸ்ரௌவ்வில் ஊரில், எங்கள் வீட்டில் அதைக் கேட்டு அம்மா சந்தோசத்தில் கண்கலங்கினாவாம். மைதானத்தில் கோச் என் இடத்துக்கு இன்னொருவனைக் கூட்டிவந்து எறியவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று பிழைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு நித்திரை போய்விட்டது.

அடுத்த ஆட்டம் ரொறன்ரோவில். அன்று காலை அம்மா போன் எடுத்தா.

“தம்பி, கோயிலுக்குப் போட்டு வாறன். உன்ர பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை செய்விச்சனான். இண்டைக்கும் ரீவியில உன்ர பேர் கட்டாயம் வரும்!”

“ஐயோ அம்மா! ஏன் உப்பிடிச் செய்தனீங்கள்? என்ர பேர் வந்தால் என்ர வேலை போச்சு!”

 “முருகா!” என்றா அம்மா. போன் வைபட்டது. வந்த வழியே கோயிலுக்குத் திரும்பிப் போய், மகனின் பேரை ஒருத்தரும் சொல்லக்கூடாதென்று இன்னோர் அர்ச்சனை செய்வித்ததைப் பிறகுதான் அறிந்தேன். ஐயர் என்ன நினைத்தாரோ தெரியாது.

ஆட்டம் முடியச் சில விநாடிகள். நாங்கள் இரண்டு புள்ளி பின்னுக்கு. ஏரிப் பக்கமிருந்து காற்று, மழைத் தூறல், பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. குனிந்தேன். கால்களுக்கு நடுவால் விரித்த இரண்டு கைகள் தலைகீழாகத் தெரிந்தன. பயமாக இருந்தது. எறிந்தேன்.

பந்து விரலை விட்டதுமே தெரிந்துவிட்டது, திறமான எறி. அதற்குள் எதிராளி ஒருத்தன் என்னைக் குப்புறத் தள்ளி மேலே விழுந்தான். உதைத்ததை நான் காணவில்லை. எங்கள் ஆட்கள் கத்தியதைத்தான் கேட்டேன். வென்றுவிட்டோம்! ஈரப் புல்லைத் துப்பித் துப்பிக் கத்தினேன். கமராக்கள் உதைத்தவனைச் சுற்றி ஓடின. கோச் என் தலைக்கவசத்தில் ஓங்கித் தட்டி, அடுத்த கிழமை நேரத்துக்கு வா என்றார். அது எனக்குப் போதும்.

ஸ்ரௌவ்விலுக்குப் போனபோது பேஸ்மென்ற் முழுக்கச் சொந்தக்காரர். நான் வந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அப்பா ரிமோட்டோடு ரீவிக்கு முன்னால் நின்றார்.

“உதைக்கிறவனை விடுங்கோ. என்ர மகன்ர கையைப் பாருங்கோ.”

படம் ஓடியது. பந்து என் கையை விட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா உடனே நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, திரும்பவும் போட்டார். திரும்பவும் கைதட்டினார்கள். நான் படியில் நின்று அழுதேன். அந்தப் பந்தை உதைக்க அப்பா கடைசிவரை விடவேயில்லை.